மின்சாரத்திற்கு ஏது குலத்தொழில்?

நமது நாட்டில் ஒருவன் இன்ன தொழில்தான் செய்ய வேண்டும் என்பது அவன் பிறப்பதற்கு முன்னமேயே முடிந்துபோன காரியம் என்று வெகுகாலமாய்ச் சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. குயவன் மகன் சட்டி வனையவும், கொல்லன் மகன் சம்மட்டி அடிக்கவும், தெருக் கூட்டுகிறவன் மகன் தெருக் கூட்டவும், இவர்கள் அத்தனை பேரிடமும் தட்சிணை வாங்கப் புரோகிதன் மகனும் பிறந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் கடவுள் என்றும், அதை எழுதி வைத்தவர் மனு என்றும், அதை மீறினால் உலகமே தலைகீழாகிவிடும் என்றும் பயமுறுத்தியும் வந்திருக்கிறார்கள். நம் மக்களும், "அப்படித்தான் இருக்கும் போலும்" என்று நம்பித் தலைமுறை தலைமுறையாய்க் குனிந்தே கிடந்திருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்திற்கு ஒரு புதிய தொழில் வந்து சேர்ந்தது. 1882-இல் நியூயார்க் பட்டணத்தில் எடிசன் ஒரு மின்சார நிலையத்தை வைத்துக் கம்பி வழியே வெளிச்சம் அனுப்பினார். 1897-இல் டார்ஜிலிங்கில் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். 1902-இல் காவேரி நதியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் ஓடிக் கோலார் தங்கச் சுரங்கத்தில் போய் வேலை செய்தது. பிறகு நீலகிரியில் பைக்காரா வந்தது, 1937-இல் மேட்டூர் வந்தது, 1957-இல் தமிழ்நாட்டு மின்சார வாரியம் வந்தது, 1962-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு எடுத்த மின்சாரமும் வந்தது.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. இந்தத் தொழில் யாருடைய குலத்தொழில்? டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவதற்கென்று பிரம்மாவின் எந்த அங்கத்திலிருந்து எந்த ஜாதி பிறந்தது? சுவிட்சு போடுகிறவன் முகத்தில் பிறந்தவனா, கம்பம் ஏறுகிறவன் பாதத்தில் பிறந்தவனா? முக்காலமும் உணர்ந்த ரிஷிகள் வெங்காயம் தின்னலாமா கூடாதா என்பதைப்பற்றி எழுதிவைத்தார்களே ஒழிய, 11,000 வோல்ட் கம்பியைத் தொடலாமா கூடாதா என்பதைப்பற்றி ஒரு சுலோகமாவது எழுதிவைத்தார்களா? இல்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரியாததனால் நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டாயிற்று. சாஸ்திரத்தின் கை படாத ஒரு தொழில் நமக்குக் கிடைத்தது. எந்தத் தகப்பனும் தன் தகப்பனிடமிருந்து பெற்று மகனுக்குக் கொடுக்க முடியாத தொழிலாகையால், எல்லோரும் போய்ப் படித்துப் பழகித்தான் ஆகவேண்டும் என்கிற நிலை ஏற்பட்டது. அந்தப் பழகுதலுக்குத்தான் அப்ரண்டிஸ் பயிற்சி என்று பெயர்.

இந்தப் பயிற்சி இன்னதென்று தெரியாத பெற்றோர்கள் அனேகர் இருப்பதால் சுருக்கமாய்ச் சொல்லுகின்றோம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். அதை முடித்த பிள்ளைகளும், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்களும், இன்ஜினீயரிங் பட்டம் பெற்றவர்களும், மின்சார உற்பத்தி நிலையங்களிலும் சப் ஸ்டேஷன்களிலும் பெரும்பாலும் ஒரு வருஷம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகலாம். இதற்கென்றே 1961-இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் 1973-இல் அதில் சேர்த்தார்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றது. பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கவேண்டும் என்று 2007-இல் திருத்தினார்கள். சேரும்போது ஜாதிச் சான்று கேட்கிறார்களே என்று சிலர் கேலி பேசலாம். அது இதுவரை சாத்தியிருந்த கதவைத் திறப்பதற்காகக் கேட்பதாகும். உள்ளே போனபிறகு பாடத்தில் எந்த இடத்திலும், "உன் பாட்டன் என்ன வேலை செய்தான்?" என்கிற கேள்வி கிடையாது. "இந்த ரிலே ஏன் விழுந்தது?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவன் தேறுகிறான். தெரியாதவன் மறுபடியும் பழகுகிறான். இவ்வளவுதான் சங்கதி.

இதற்கு நேர்மாறானது குலத்தொழில் திட்டம். 1953-இல் ராஜாஜி அவர்கள் முதல் மந்திரியாய் இருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் படித்தால் போதும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததும், பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி நாடெங்கும் கிளர்ச்சி செய்ததும், 1954-இல் ராஜாஜி பதவியை விட்டுப் போய்க் காமராஜர் வந்தவுடன் அது கைவிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. அத்தோடு அந்தப் பேய் ஒழிந்தது என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் ஏமாந்தவர்களேயாவார்கள். 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விஸ்வகர்மாவின் பெயரால் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். அதில் தச்சு, கொல்லு, குயவு, சிகை திருத்தல், சலவை, செருப்புத் தைத்தல் என்பதாக 18 தொழில்களை வைத்து, குடும்பத்தின் வழியாகவும் குரு சிஷ்ய முறையின் வழியாகவும் வருகின்ற தொழிலைக் காப்பாற்றப் போவதாய்ச் சொன்னார்கள். 2024-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் இதை இந்த உருவத்தில் நடத்தமாட்டோம் என்று எழுதிவிட்டு, ஜாதியோடு சம்பந்தமில்லாத வேறொரு கைவினைத் திட்டத்தை வகுத்தது.

நாம் இங்கே எடுத்துக்காட்டுவது வேறொரு விஷயம். அந்தப் 18 தொழில்களின் ஜாபிதாவை எவ்வளவு முறை புரட்டினாலும் அதில் மின்சாரத் தொழில் இல்லை. ஏன் இல்லை? அதற்குக் குடும்ப வழி கிடையாது, ஆகையால் இல்லை. எந்தத் தொழிலில் பிள்ளையைப் பிறந்த வீட்டோடு கட்டிப்போட முடியுமோ அந்தத் தொழில்களுக்குத்தான் இவ்வளவு பக்தியும் பாசமும்! சட்டி வனைவதோ செருப்புத் தைப்பதோ இழிவு என்று நாம் சொல்லவில்லை. இஷ்டப்பட்ட எவனும் எவளும் அதைப் பழகட்டும். அந்த வீட்டில் பிறந்ததனாலேயே பழகு என்பதுதான் இழிவு.

மற்றொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கோயில் கர்ப்பக்கிரகத்தில் விளக்கு எரிகின்றதே, அந்த ஒயரை இழுத்தவன் யார்? கூரைக்குமேல் வருகின்ற மின்சாரத்தை எங்கோ ஒரு கம்பத்தில் ஏறி இணைத்தவன் யார்? அவன் ஜாதியைக் கேட்டு அந்த வெளிச்சத்தை எந்த சுவாமியாவது வேண்டாம் என்று சொல்லிற்றா? ஆனால், அதே கர்ப்பக்கிரகத்தில் மணியாட்டுவதற்கு மாத்திரம் பிறப்பு வேண்டுமாம். எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் உத்தரவு போட்டு, பள்ளிக்கூடம் வைத்துப் பயிற்சியும் கொடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காய்க் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் பல ஜாதிகளையும் சேர்ந்த 24 பேருக்கு ஒன்றாய் நியமன உத்தரவு கிடைத்தது. தவறினால் ஆள் செத்துப்போகக்கூடிய மின்சார வேலைக்கு ஒரு வருஷப் பழக்கமும் பரீட்சையும் போதும். தவறினால் ஒன்றுமே ஆகாத மணியாட்டும் வேலைக்குப் பழக்கமும் பரீட்சையும் இருந்தாலும் போதாது என்றால், இதில் இருக்கும் நியாயம் என்ன? பயிற்சி என்ற ஒன்று வந்துவிட்டால் பிறப்பின் மதிப்புப் போய்விடும் என்கிற பயத்தைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

மின்சார உலகத்தின் ஆதி கதையே இதற்குச் சாட்சி. மைக்கேல் பாரடே என்பவர் 1791-இல் இங்கிலாந்தில் ஒரு ஏழைக் கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்தார். 14-ஆம் வயதில் புத்தகம் கட்டுகின்ற கடையில் ஏழு வருஷ அப்ரண்டிஸாய்ச் சேர்ந்தார். பைண்டு செய்வதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப்பற்றி எழுதியிருந்ததை அங்கேயே உட்கார்ந்து படித்தார். ஜேன் மார்செட் என்ற ஒரு பெண்மணி எழுதிய ரசாயனப் புத்தகத்தையும் படித்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து அவருக்கே அனுப்பி, 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு சாதாரண உதவியாளராய் நுழைந்தார். டேவியோடு ஐரோப்பாவுக்குப் போனபோது வேலைக்காரனைப்போல் நடத்தப்பட்டு அவமானமும் பட்டார். அந்த மனிதர்தான் 1831-இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் உண்டாகின்றது என்று கண்டுபிடித்தார். இன்று அனல் நிலையத்திலும் அணையிலும் காற்றாலையிலும் சுழலுகின்ற ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் அந்தக் கண்டுபிடிப்பின்மேல்தான் சுழலுகின்றது. அவர் நம் நாட்டில் பிறந்திருந்தால், "கொல்லன் மகனுக்குப் புத்தகம் எதற்கு? போய்த் துருத்தி ஊது" என்று சொல்லியிருப்பார்கள். உலகமும் இருட்டில் இன்னும் எத்தனை காலம் உட்கார்ந்திருக்குமோ!

பாரடே தெய்வ நம்பிக்கை உள்ளவர் அல்லவா என்று சில பக்தர்கள் குதிப்பார்கள். ஆம், அவர் கிறிஸ்துவ மதத்தில் பற்றுள்ளவர்தான். ஆனால், கம்பிச் சுருளுக்குள் அவர் செலுத்தியது காந்தத்தைத்தானே தவிர ஜெபத்தை அல்ல. முள் அசைந்ததா இல்லையா என்று பார்த்தபிறகுதான் எழுதினார். நமக்கு வேண்டியது அந்தப் புத்திதான்.

பொதுக்கூட்டங்களில் சில ஆஸ்திகர்கள் எழுந்து, "மின்சாரம் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாத மின்சாரத்தை ஒப்புக்கொள்ளுகிற நீங்கள் தெரியாத கடவுளை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?" என்று ஒரு கேள்வியை வெடிகுண்டு மாதிரி போடுவதுண்டு. இதற்குப் பதில் சொல்ல ஒரு பிரசாரகர் வேண்டியதில்லை. அப்ரண்டிஸாய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆன பிள்ளையே போதும். வீட்டு இணைப்பில் வோல்ட்மீட்டரை வைத்தால் 230-க்குப் பக்கத்தில் முள் நிற்கும். இந்து வைத்தாலும், முஸ்லிம் வைத்தாலும், கிறிஸ்துவர் வைத்தாலும், நாஸ்திகன் வைத்தாலும் அதே எண்தான். நம்பாதவன் வைத்தால் குறைவதுமில்லை. பயபக்தியோடு வைத்தால் கூடுவதுமில்லை. சந்தேகம் இருந்தால் வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து சோதிக்கலாம். சோதித்ததற்காக யாரும் பாவி என்று சொல்லமாட்டார்கள். இப்படி அளந்து காட்டக்கூடிய கடவுள் ஒன்றை யாராவது கொண்டுவந்தால், அதையும் மீட்டரில் வைத்துப் பார்க்க நாம் தயாராகவே இருக்கின்றோம்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. அளந்து பார்த்தபிறகு நம்புவது என்னும் பழக்கம் இந்தத் தொழிலில் உயிரையே காப்பாற்றுகின்றது. கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி வீடுகளில் வைக்கின்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும்படி செய்யப்பட்டிருக்கின்றது. ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கின்ற மின்சாரத்தில் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்பமே மனிதனின் இருதயத்தைத் தாறுமாறாக்கிவிடக்கூடும். ஆகையால்தான் கம்பம் ஏறுவதற்கு முன்பு செய்யவேண்டிய காரியங்களை வரிசையாய்ப் பழக்குகிறார்கள். முதலில், லைன் கிளியர் என்கிற எழுத்து மூலமான அனுமதி வாங்கவேண்டும். சுவிட்சைத் திறந்து பூட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்ற பலகையை மாட்டவேண்டும். அதற்குப் பிறகும் நம்பிவிடாமல், கருவியை வைத்து மின்சாரம் இல்லை என்று பார்க்கவேண்டும். அதற்குப் பிறகும் நம்பிவிடாமல், வேலை செய்கிற இடத்திற்கு இருபுறமும் கம்பியை எர்த் செய்யவேண்டும். எர்த் கம்பியை முதலில் பூமியில் இணைத்து, அப்புறம்தான் லைனில் மாட்டவேண்டும். எடுக்கும்போது முதலில் லைனிலிருந்து கழற்றி, அப்புறம்தான் பூமியிலிருந்து எடுக்கவேண்டும்.

சுவிட்சைத் திறந்தபிறகு இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். கரண்ட் இல்லையே என்று ஒரு வீட்டுக்காரர் முறையில்லாமல் ஜெனரேட்டரை இணைத்து ஓட்டினால், அந்த 230 வோல்ட் வீதி டிரான்ஸ்பார்மரில் தலைகீழாய்ப் புகுந்து, மறுபுறம் 11,000 வோல்ட்டாய் ஏறிவந்து, கம்பத்தில் இருப்பவனைக் கொல்லக்கூடும். அன்றியும், துண்டிக்கப்பட்ட கம்பிக்கு அருகில் மின்சாரம் ஓடுகின்ற வேறொரு கம்பி போனால், அதனால் இதிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-இல் பாரடே கண்டது இங்கேயும் வேலை செய்கின்றது. இதையெல்லாம் படித்தவனுக்கு எர்த் கம்பி மாட்டுவது ஒரு சடங்கல்ல. ஏன் என்று தெரிந்து செய்கின்ற காரியம்.

ஆனால், நம் நாட்டில் ஒரு தொழிலாளி கம்பத்தில் கருகித் தொங்கினால் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் விதி அவ்வளவுதான், எமன் கணக்குத் தப்புமா?" என்கிறார்கள். இதைவிடக் கொடுமையான பேச்சு வேறு இருக்க முடியுமா? எர்த் ராடு கொடுத்தார்களா, கையுறை கொடுத்தார்களா, சோதிக்கும் கருவி கொடுத்தார்களா, பழக்கமில்லாத ஆளைத் தனியாய் ஏற்றினார்களா, லைன் கிளியர் கொடுத்தவர் யார் என்கிற கேள்விகளையெல்லாம் விதி என்ற ஒரே வார்த்தையில் புதைத்துவிடுகிறார்கள். விதியை நம்புகின்ற ஊரில் மேலதிகாரிக்கு விசாரணை கிடையாது, முதலாளிக்குத் தண்டனை கிடையாது, விதவைக்கு நியாயமும் கிடையாது. விதி என்பது ஏழை வீட்டுப் பிணத்தின்மேல் போர்த்துகின்ற துணியாய்த்தான் நம் நாட்டில் உபயோகப்பட்டு வருகின்றது.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வேறு! வருஷத்தில் ஒரு நாள் சுவிட்சுப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். பீங்கான் இன்சுலேட்டரின்மேல் ஈரமும் அழுக்கும் படிந்தால், அதன் மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் தாண்டிவிடும் என்று பயிற்சிப் பாடத்தில் படித்தவர்களே இதைச் செய்வதுதான் விசித்திரம். அந்தக் காசுக்கு இரண்டு ஜோடி நல்ல ரப்பர் கையுறை வாங்கி வைத்தால் எந்த ஆயுதமாவது கோபித்துக்கொள்ளுமா? இன்னும் கேளுங்கள். ராகுகாலத்தில் கரண்ட் போனால் எந்தப் பக்தராவது, "ராகுகாலம் கழித்து வந்து சரி செய்யுங்கள்" என்று சொன்னதுண்டா? ஐந்து நிமிஷம் பொறுப்பதில்லை! விசிறி நின்றவுடன் பஞ்சாங்கம் மறந்துபோகின்றது. அமாவாசை இரவிலும் அஷ்டமி நவமியிலும் சப் ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருப்பதால்தான் பஞ்சாங்கம் அச்சிடுகிற யந்திரமும் ஓடுகின்றது.

இது நிற்க. பிறப்பு இல்லாத இந்தத் தொழிலிலும் பார்ப்பனீயம் பின்வாசல் வழியாய் நுழைந்திருக்கின்றது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. மூளை வேலை மேல், கை வேலை கீழ் என்கிற எண்ணமே அந்தப் பின்வாசல். பட்டம் பெற்ற பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கவேண்டும். கம்பம் ஏறுவதும் கேபிள் குழி வெட்டுவதும் வேறு யாரோ செய்யவேண்டும் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள், பிள்ளையும் நினைக்கிறான். ஸ்பேனரைப் பிடித்தறியாத இன்ஜினீயரும், ஏன் என்று சொல்லிக்கொடுக்கப்படாத ஹெல்பருமாய் இரண்டு வகுப்பு உண்டாகின்றது. முன்னவனுக்கு வேலை தெரியாது. பின்னவனுக்குக் காரணம் தெரியாது. இது வருணாசிரமத்தின் புதுப் பதிப்பே அல்லாமல் வேறென்ன? அப்ரண்டிஸ் பயிற்சியின் முழு மேன்மையும் இந்த இரண்டையும் ஒரே ஆளிடத்தில் சேர்ப்பதில்தான் இருக்கின்றது. ஆகவே, பட்டதாரி அப்ரண்டிஸும் எண்ணெயில் கை வைக்கட்டும், ஐ.டி.ஐ. பிள்ளைக்கும் வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். கம்பத்தில் யார், நாற்காலியில் யார் என்கிற கணக்கை ஜாதிவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் மின்சாரக் கம்பெனிகள் வருஷாவருஷம் வெளியிடட்டும். மடியில் கனமில்லாதவர்களுக்கு வழியில் பயம் எதற்கு?

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது அறிவுடைமையாகாது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும், இஷ்டப்பட்ட தொழில் செய்யும் உரிமையும், விதவைகளுக்கு மறுமண உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தபோது நாட்டில் எவ்வளவு பேர் சிரித்தார்கள்! அப்படிச் சிரித்த காலத்திலேயே சென்னையில் ஒரு பெண் வளர்ந்துகொண்டிருந்தார். அ. லலிதா அம்மையார் 1919-இல் பிறந்தவர். 15-ஆம் வயதில் கலியாணம். 18-ஆம் வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவையானார். வைதீகம் அவருக்கு வைத்திருந்தது மொட்டைத் தலையும் மூலையில் ஓர் இருட்டறையுமே. ஆனால், அவர் 1940-இல் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் மின்சாரப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மாத்திரமே படித்த இடம் அது. 1943-இல் தேறினார். பட்டச் சான்றில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை அடித்துப் பெண்பாலாய் எழுதவேண்டியிருந்ததாம்! பிறகு பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாய் வேலை பழகினார். பின்னால் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் மின்பாதைகளையும் சப் ஸ்டேஷன்களையும் வகுக்கின்ற வேலை செய்து, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்கெடுத்தார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய உலகப் பெண் இன்ஜினீயர்களின் முதல் மகாநாட்டுக்கும் போனார்.

எந்த முகத்தில் விழித்தால் காரியம் கெட்டுப்போகும் என்று வைதீகர் சொன்னார்களோ, அந்த முகம் வகுத்த மின்பாதையில் காரியம் கெட்டதா என்று கேட்கின்றோம். ஒன்று மாத்திரம் சொல்லவேண்டும். அவருக்குத் தகப்பனார் கிண்டியிலேயே மின்சாரப் பேராசிரியர், தமையன்மாரும் படித்தவர்கள். ஆகவே, தைரியம் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தது. தகப்பன் கூலிக்காரனாய் இருக்கின்ற பெண்ணுக்கு அந்தத் தைரியத்தை யார் கொடுப்பது? அரசாங்கமும் நம் போன்ற இயக்கத்தாரும்தான் கொடுக்கவேண்டும். சப் ஸ்டேஷனில் ஒரு கழிப்பறையும், பக்கத்து ஊரில் ஒரு தங்கும் விடுதியும் இல்லாமல், "பெண்கள் வருவதில்லையே" என்று ஏங்குவது பித்தலாட்டமாகும்.

சட்டத்தில் உள்ள ஓட்டைகளையும் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1961-ஆம் வருஷச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அப்ரண்டிஸ் என்பவன் பழகுகிறவனே தவிர தொழிலாளி அல்ல என்று சொல்லுகின்றது. வேலை பழகுகிற வரையில் அது சரியே. ஆனால், பழக்குவதை விட்டுவிட்டு, ஆள் குறைந்த இடத்தில் அவனை ஆளாய் நிறுத்தி, பைல் தூக்கவும் டீ வாங்கவும் அனுப்பினால், அவனுக்குத் தொழிலாளியின் சம்பளமும் இல்லை, மாணவனின் பாடமும் இல்லை. 2019-ஆம் வருஷத்து விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ. படித்தவனுக்கு 7,000 என்று வைத்தார்கள். வீட்டை விட்டு வெளியூரில் தங்கிப் பழகுகிற பிள்ளை இதில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பினான் என்றால் அது புராணத்தில் வரும் அற்புதமாய்த்தான் இருக்கவேண்டும்! பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்கிற கட்டாயமும் முதலாளிக்கு வைக்கப்படவில்லை. அவரவர் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-இல் திருத்தியதோடு சரி. மற்றவை சமமாய் இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் சொல்லியிருக்கின்றது. பயிற்சியின்போது காயம்பட்டால் நஷ்ட ஈடு உண்டு என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவும் சொல்லுகின்றது. இவ்விரண்டையும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும். சகஸ்ரநாமத்தைவிட இது ஆபத்துக்கு உதவும்.

ஆகவே, தோழர்களே, நாம் சொல்லுவது இதுதான். பெற்றோர்கள் ஜாதகத்தில் தொழில் ஸ்தானம் பார்ப்பதை விட்டு, ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு நியாயம், பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம் வேண்டாம். வாலிபர்கள் ஏன் என்று கேட்காமல் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது; எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், அனுபவமுள்ள ஆள் பக்கத்தில் இல்லாமல், எந்த அதிகாரி சொன்னாலும் கம்பத்தில் ஏறவும் கூடாது. கீழ்ப்படியாதவன் என்று பெயர் வந்தால் வரட்டும். பிணம் என்ற பெயர் வரவேண்டாம். தொழிற்சங்கங்கள் அப்ரண்டிஸ்களைத் தங்கள் ஆட்களாய் எண்ணி, அவர்களுக்கு வாரந்தோறும் என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்கிற கணக்கைக் கேட்கவேண்டும். அரசாங்கமோ உதவித்தொகையைச் சாப்பாட்டுக்குப் போதும்படி உயர்த்தி, பழகியவர்களுக்கு வேலையில் முதலிடம் கொடுத்து, இந்தப் பயிற்சியை மலிவான கூலியாய் ஆக்காமல் காப்பாற்றவேண்டும்.

நம் முன்னோருக்கு, தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. சாஸ்திரம் அறியாத ஒரு தொழில் வந்து அந்தப் பூட்டை ஓர் இடத்தில் உடைத்திருக்கின்றது. உடைந்த இடத்தின் வழியாய் வெளியே வராமல், "என் தலையெழுத்து" என்று உள்ளேயே உட்கார்ந்திருப்போமானால், அதற்கு மனுவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கம்பியில் ஓடுகின்ற மின்சாரத்திற்கு ஜாதி தெரியாது. அதைக் கையாளுகின்ற மனிதனுக்கும் அது தெரியாமல் போகவேண்டும் என்பதே நமது ஆசை.